சிசிலி அத்தை வேளாங்கண்ணிக்குப் போன வருடம்

மழைக்காலத்தில் வண்டன்மேட்டில் ஈரம் இல்லாத இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அது சிசிலி அத்தையின் ஸ்டோர். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்க வேண்டாம். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வெளிப்பக்கம் ஒரு விறகு அடுப்பு. அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகும் தடித்த இரும்புக் குழாய். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காக வலைத் தட்டுகள். தோட்டத்தில் எடுத்த பச்சைக்காயைச் சோடாப்பொடி கரைத்த தண்ணீரில் கழுவி, தட்டில் பரப்பி, கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் அது காய்ந்து வர வேண்டும். காய வேண்டும், ஆனால் பச்சை நிறம் போகக் கூடாது. சூடு குறைந்தால் காய் புழுங்கிப்போகும். கூடினால் மஞ்சளாகி வாய் பிளந்துவிடும். ஏலத்தில் அந்தக் காயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சொந்த ஸ்டோர் இல்லாத சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாரும் அத்தையிடம்தான் காய் கொண்டுவருவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக் காய் உள்ளே இருக்கிறதோ, அந்த வீட்டிலிருந்து ஒருவர் காய் இறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் காய் இன்னொருவர் காயோடு கலந்துவிட்டது என்று முன்பு ஏதோ பெரிய சண்டை நடந்ததாம். யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. உட்காரும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அப்படி உட்கார்ந்த நாட்களைத்தான் எர்ணாகுளத்துக்கு வந்த பிறகு நான் அதிகம் நினைக்கிறேன். வெளியே ஆகஸ்டு மழை தகரத்தில் கொட்டும். உள்ளே சுவர் முதுகைச் சுடும். அத்தை பலாக்கொட்டையைச் சாம்பலில் புதைத்து வைத்திருப்பாள். பால் சேர்க்காத கட்டன் சாயா அடுப்போரமாகவே இருக்கும், ஆறவே ஆறாது. அதைக் குடித்துக்கொண்டு அவள் மூணாறு எஸ்டேட் கதை சொல்வாள்.

அவள் பிறந்தது அங்கே, ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அவளுடைய அப்பா கபிரியேல் கவாத்து வெட்டுகிறவர். "எங்கப்பா வெட்டுன செடி எல்லாம் ஒரே ஒசரம் இருக்கும்ல, மேல தட்டு வச்சா சோறு சிந்தாது" என்பாள். எங்கள் ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவள் பேச்சில் அந்த 'ல' போகவில்லை. நாங்கள் தேனி, கம்பம் பக்கத்துப் பேச்சு. என் அம்மா வேலுத்தாய் அதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வாள். அத்தை கண்டுகொள்ள மாட்டாள்.

கல்யாணம் முடிந்து வண்டன்மேட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. மாமா பெயர் வியாகுலம். பெரிய எஸ்டேட் ஒன்றில் ஸ்டோர் வேலை பார்த்தவர். கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் தானே இந்த ஸ்டோரைக் கட்டினார். நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது நிழல் மரம் கவாத்து செய்ய ஏறி, ஈரக்கிளையில் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அது காய் எடுப்புக் காலம். அடக்கம் முடிந்து நாலாம் நாள் அத்தை அடுப்பு மூட்டினாள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். ஊரில் சிலர் அதைக் குறையாகப் பேசினார்களாம். "பச்சைக்காய் துக்கம் பாத்து அழுகாம இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அப்பாதான் முதல் மூட்டை கொண்டுபோயிருக்கிறார். அதிலிருந்து அவள் அப்பாவுக்குத் தங்கச்சி. எனக்கு அத்தை.

காய் எடுப்புக் காலத்தில் அத்தை படுத்து நான் பார்த்ததில்லை. சுவரோரம் ஒரு சாக்கில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, அப்படியே கண்ணை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய்ச் சூட்டுமானியைப் பார்ப்பாள். சூடு ஏறியிருந்தால் அடுப்புக்குக் காற்று தள்ளும் ஊதுவிசிறியை நிறுத்துவாள். ஈரக் காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போடுவாள். சூடு இறங்கினால் மாற்றிப் போடுவாள். திரும்ப வந்து சாக்கில் உட்கார்வாள். அவளுடைய ஆகஸ்டு முதல் கிறிஸ்துமஸ் வரை இதுதான்.

இதனால்தான் அவளுடைய நேர்ச்சை ஒன்று நிறைவேறாமலே நின்றது.

அவள் மகன் டிஜோவுக்கு ஒன்றரை வயதில் நெஞ்சுச் சளி முற்றி, தேனி ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். அப்போது அத்தை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், திருநாள் நடக்கும்போது அங்கே கூட்டி வந்து முடி இறக்குகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். ஆனால் வேளாங்கண்ணித் திருநாள் செப்டம்பரில் வருகிறது. எங்கள் காய் எடுப்பும் அப்போதுதான் மும்முரம். முதல் வருடம் போக முடியவில்லை. அடுத்த வருடமும் முடியவில்லை. பிறகு மாமா போய்விட்டார். ஸ்டோரை ஒப்படைக்க ஆளில்லை.

வேறு மாதத்தில் போய் முடித்துவிடலாமே என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார். "நான் திருநாள்னுதான் சொன்னேன் சாமி. புள்ளைய கேக்கையில மட்டும் அன்னைக்கே வேணும்னு கேட்டுட்டு, குடுக்கையில நம்ம சவுகரியம் பாக்க முடியுமா?" என்று அத்தை கேட்டாள். 

இப்படியே டிஜோவுக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. மீசை வந்தது. முடியும் வளர்ந்தது. அது சாதாரண முடி இல்லை. நெற்றியில் விழுந்து, காதோரம் வெட்டி, பின்னால் சுருண்டு நிற்கும். கட்டப்பனையில் ஷைஜு என்பவருடைய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அவன் வேலை பார்த்தான். பஸ் ஏறும்முன் பக்கக் கண்ணாடியில் ஒருமுறை முடியைச் சரிசெய்யாமல் ஏற மாட்டான்.

அந்த வருடம் சர்ச்சுப் பங்கிலிருந்து திருநாளுக்கு ஒரு வேன் ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் செபமாலையம்மாள். அவர் எல்லார் வீட்டிலும் கேட்டுவிட்டுக் கடைசியாக, வழக்கத்துக்காக, அத்தையிடமும் கேட்டார். அத்தை வழக்கம்போல் சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். டிஜோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ரெண்டு பேருக்கும் சீட் போடுங்க" என்றான் அவன்.

"ஸ்டோர யாருல பாப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மிஷின் பாக்கும்."

அவன் திட்டம் இதுதான். விறகு போட ஒரு ஆள் வேண்டும். அதை மிஷின் செய்யாது. ஆனால் சூட்டைப் பார்த்து விசிறிகளை மாற்றிப் போடுவதை ஒரு போர்டு செய்துவிடும். அந்தப் போர்டு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. தட்டுகளுக்கு நடுவே சூடு பார்க்கும் ஒரு கம்பி, அதிலிருந்து போர்டுக்கு ஒயர். சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எழுதி ஏற்றிவிடலாம். போர்டின் சின்னக் கரண்டால் மோட்டாரை ஓட்ட முடியாது என்பதால் நடுவில் ரிலே. நீல நிறத்தில் சின்னச் சதுரப் பெட்டிகள் இரண்டு. உள்ளே ஒரு காந்தச் சுருள். போர்டு சொன்னால் சுருள் இழுக்கும், 'டிக்' என்று சத்தம் வரும், விசிறிக்குப் போகும் லைன் சேரும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தான்.

என் அப்பா பொன்ராஜ் விறகு போடச் சம்மதித்தார். "வெறகு நான் போடுறேன்டா. சூட்டுக்கு நான் பொறுப்பில்ல. அது ஒங்கம்மா கைக்குத்தான் கட்டுப்படும்."

"சூட்ட டப்பா பாத்துக்கிரும் மாமா."

என் அம்மா விடவில்லை. "ஏன்டா டிஜோ, மிஷின் ஓடுச்சுன்னா ஒனக்கு மொட்டை. ஓடலைன்னா முடி தப்பிச்சது. இதுல நீ எங்கிட்டுடா அத ஓட வைக்கப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். டிஜோவும் சிரித்தான். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாகக் கிடைக்காத ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால் மனிதருக்குச் சிரிப்பு வராது போலிருக்கிறது.

போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில் டிஜோவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் யாருக்குமே இருந்திருக்காது. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது எங்களுக்குத் தினசரி. லைன் போனால் விசிறி நின்றுவிடும், அடுப்பு நிற்காது. அந்த நேரத்தில் சூடு ஏறினால் கத்திக் கூப்பிடப் போர்டிலேயே ஒரு பஸ்ஸர் வைத்திருந்தான். அதனால் போர்டுக்கு மட்டும் கரண்ட் நிற்கக் கூடாது. அத்தை வீட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும் பிளக் ஒன்றே ஒன்று. அது நடு அறையில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்தது. படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது அணையக் கூடாது என்பதற்காக மாமா இருந்தபோதே அந்தப் பிளக்கை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டார். லைன் போன நாட்களில் எங்கள் ஏரியாவில் பாதிப் போன்கள் அந்தப் படத்தின் காலடியில்தான் சார்ஜ் ஏறும்.

அங்கே விளக்குக்காக ஒரு குட்டி அடாப்டர் ஏற்கெனவே மாட்டியிருந்தது. விளக்குக்கும் ஐந்து வோல்ட், போர்டுக்கும் ஐந்து வோல்ட். டிஜோ அதிலிருந்தே ஒரு ஒயரைப் பிரித்து, சுவரில் துளை போட்டு, ஸ்டோருக்கு இழுத்தான்.

முதல் நாள் ரிலே போர்டில் சிவப்புப் புள்ளி எரிந்தது, 'டிக்' வரவில்லை. போர்டில் மூன்று வோல்ட் வரும் ஊசிக்காலில் ரிலேயின் ஒயரைக் குத்தியிருந்தான். புள்ளி எரிய அது போதும். சுருள் இழுக்க ஐந்து வேண்டும். மறுநாள் ஐந்து வோல்ட் காலுக்கு மாற்றினான். 'டிக்' என்றது. ஊதுவிசிறி நின்றது. இன்னொரு 'டிக்'. வெளிவிசிறி ஓடியது. அத்தை சாக்கில் உட்கார்ந்தபடியே சூட்டுமானியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மறுபடி சூட்டுமானியைப் பார்த்தாள். காய் இறக்கி, டப்பாவை அணைக்கும்வரை முள் அசையவில்லை.

"நம்பலாம்ல?" என்று டிஜோ கேட்டான்.

"பாப்போம்ல" என்றாள். ஆனால் அன்று மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்து, வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் கட்டும் காவிச் சேலை ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மடிப்பு நெடுகச் சாயம் வெளுத்திருந்தது. வாங்கி வைத்து எத்தனை வருடமோ.

அதற்கடுத்த நாள் எங்கள் காய் ஏறியது. அப்பாவே காவலுக்கு உட்கார்ந்தார். டிஜோ கட்டப்பனைக்கு வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் அத்தை ஜெபத்துக்கு உள்ளே போனாள். உள்ளே ஜெபமாலை நடக்கிறது. இங்கே டப்பா 'டிக் டிக் டிக்' என்கிறது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். என்னைக் கூப்பிட்டு, "கேட்டியாடா, எம்புட்டு சுறுசுறுப்பா வேலை பாக்குதுன்னு" என்றார். ஜெபம் முடிந்து வெளியே வந்த அத்தை வாசலில் நின்றவுடனே மூக்கைச் சுளித்தாள். ஓடிப்போய் ஊதுவிசிறியின் மெயின் சுவிட்சை அணைத்தாள். கதவைத் திறந்தபோது மேல் தட்டுக் காய் மஞ்சளாகி வாய் பிளந்து கிடந்தது.

 அப்பா ஒரு காயை எடுத்து டிஜோ வரும்வரை கையிலேயே வைத்திருந்தார். அவன் வந்ததும் அதை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா மாப்ள. ஒன் டப்பா சிரிக்க வச்ச காய்."

டிஜோ மறுநாள் லீவு போட்டான். காலையிலிருந்து டப்பாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு தப்பும் இல்லை. மத்தியானமும் இல்லை. பொழுது சாய்ந்தது, 'டிக் டிக் டிக்' ஆரம்பித்தது. போர்டு செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. செத்துப் பிழைக்கும் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து வேலையைத் தொடங்கும். தொடங்கும்போது ஊதுவிசிறியை ஓட்டு என்று அவன் எழுதியிருந்தான். அதனால்தான் சூடு ஏறுகிறது. அதுவரை அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் சாகிறது, ஏன் சாயங்காலம் மட்டும் சாகிறது என்பதுதான் புரியவில்லை. வெயில் இல்லாததாலா, பனியாலா, ஊரில் எல்லாரும் லைட் போடுவதாலா என்று எதையெதையோ சொன்னான். அதற்கடுத்த நாளும் அப்படியே ஆனது.

ஊரில் வேறு காரணம் சொன்னார்கள். ஜெப நேரம் பார்த்துக் கெடுகிறதே, மாதாவுக்கே மிஷின் பிடிக்கவில்லை என்று ஒரு கட்சி. அவன் முடியைக் காப்பாற்ற அவனே ஏதோ பண்ணுகிறான் என்று இன்னொரு கட்சி. இரண்டாவதை என் அம்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். டீக்கடைவரை போய்த் திரும்பும்போது அது விளையாட்டாக இல்லை.

"நீயும் அப்படி நெனைக்கியாம்மா?" என்று டிஜோ கேட்டது எனக்குக் கேட்டது.

"நான் ஒண்ணும் நெனைக்கல."

"அப்ப ஏன் சேலைய திரும்பப் பெட்டில வச்ச?"

 அத்தை விறகை எடுத்து அடுப்பில் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்த விறகு இன்னும் பற்றாமல் கிடந்தது.

செபமாலையம்மாள் வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு சீட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தை, "அப்பவே சொல்லிருதேன்" என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்பது அவர் உட்பட எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை டிஜோவை ஜெபத்துக்கு வரச் சொன்னாள். அவன் டப்பாவை விட்டு வர மறுத்தான். "அது எப்படியும் கெட்டுப்போகும். வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். என் வீட்டுக் காய் உள்ளே இருந்ததால் நானும் அங்கிருந்தேன். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து நடு அறையும் தெரியும், ஸ்டோரின் பக்கச் சுவரும் தெரியும்.

அத்தை மண்டியிடும் முன்னால், எப்போதும் செய்வதுபோல, மாதா சுரூபத்தைச் சுற்றியிருந்த சீரியல் லைட்டைப் போட்டாள். ஜெபமாலை ஓடியது. பிரார்த்தனை பாதி ஆனது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று டிஜோ சுரத்தில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் 'டிக் டிக்' தொடங்கியது. அத்தை சட்டென்று நிறுத்தினாள்.

"ஏலே, இந்த வெளக்க முதல்ல மாத்துல. ஒரு வாரமா நான் ஜெபம் சொல்லத் தொடங்குனா கண்ணடிக்கிற மாதிரி மினுக்குது. எனக்கு மனசே நிக்க மாட்டேங்கு."

டிஜோ தலையைத் தூக்கிச் சிவப்பு விளக்கைப் பார்த்தான். 'டிக்'. விளக்கு மங்கியது. 'டிக்'. விளக்கு மங்கியது. மண்டியிட்ட நிலையிலேயே கையை நீட்டிச் சீரியல் லைட்டின் சுவிட்சை அணைத்தான். சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது. சத்தம் நின்றது. மறுபடி போட்டான். மினுக்கல், சத்தம். அணைத்தான். நின்றது.

மாதாவின் சீரியலும் அதே குட்டி அடாப்டரில்தான் இருந்தது.

அவன் சிரித்துவிட்டான். எழுந்து ஓடப் போனவனை அத்தை சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பிரார்த்தன முடியல."

"அம்மா, காய் கருகிரும்மா."

"லோகேஷு, போயி அந்த வெசிறிய அணைச்சு வையி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். டிஜோ இப்போது சுரத்தோடு, ஆனால் மூச்சு விடாமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை வேண்டுமென்றே மெதுவாகச் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

முடிந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு படத்தடியில் உட்கார்ந்தான். விளக்கு மட்டும் இருக்கும்போது அடாப்டரில் ஐந்து வோல்ட் இருந்தது. ரிலே இழுத்ததும் கொஞ்சம் இறங்கியது. பகலில் அந்த அளவோடு சமாளித்துவிட்டது. சீரியலும் சேர்ந்ததும் நாலுக்குக் கிட்டே போனது. ஸ்டோருக்குப் போகும் நீள ஒயரில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். அவ்வளவு கீழே போனால் போர்டு உயிரோடு இருக்காது.

ஷைஜு அண்ணனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் சிரிப்பதைக் கேட்டோம். மலையாளமும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். "எடா டிஜோ, ஒரு ஆளுக்குச் சோறு வச்சிட்டு நாலு பேருக்கு எல போட்டிட்டுண்டு நீ. வோல்ட் மட்டும் நோக்கினா போதுமோ? எத்தன ஆம்பியர் தரும்னு நோக்கண்டே? போர்டுக்கு வேற அடாப்டர் வை, ரிலே சுருளுக்கு வேற அடாப்டர் வை. ஆ கறுத்த ஜம்பர் ஊரியோ?"

ரிலே போர்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னத் தொப்பி இருக்கிறது. அதுதான் போர்டின் பவரையும் சுருளின் பவரையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பது. டிஜோ அதை நகத்தால் பிடுங்கி எடுத்தான். படத்தடிப் பிளக்கில் ஒரு மல்டி பிளக் மாட்டினான். பழைய அடாப்டர் விளக்குக்கும் சீரியலுக்கும் மட்டும். வீட்டிலிருந்த ஒரு நல்ல சார்ஜர் போர்டுக்கு. என் போன் சார்ஜர் ரிலேயின் சுருளுக்கு. அதைத் தர எனக்கு மனமில்லைதான். ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டோருக்கு இழுத்திருந்த மெல்லிய ஒயரையும் தடித்த ஒயராக மாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சூட்டுமானிக்கு முன்னால் நின்றார். "பகல்ல அது எப்பவும் ஒழுங்காத்தானடா இருந்துச்சு. சாயங்காலம் வரட்டும்" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியாது அண்ணே, பூசை முடிஞ்சு பதில் சொல்லணும்" என்றாள் அத்தை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்ச் சீரியல் லைட்டைப் போட்டாள். பட்டப்பகலில், அடுப்புக் கரி படிந்த கையோடு மண்டியிட்டு, ஜெபமாலையைத் தொடங்கிவிட்டாள். டிஜோவும் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"டிக்" என்றது ஒருமுறை. ஊதுவிசிறி நின்றது. அப்பா டப்பாவுக்குக் காதைக் கொடுத்தார். நெடுநேரம் சத்தமே இல்லை. முள் கொஞ்சம் இறங்கியது. "டிக்." விசிறி ஓடியது. அவ்வளவுதான். உள்ளே சிவப்பு விளக்கு கண் சிமிட்டவில்லை. நான் வாசலுக்கும் ஸ்டோருக்கும் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்து அத்தை வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள். 

அப்பா கைக்கட்டைப் பிரித்தார். "போயிட்டு வாம்மா. அந்த நாலு நாளும் மொதல்ல என் காய்தான் ஏறும். போனா என்னோட போகட்டும், அடுத்தவன் வாயில விழ வேண்டாம்." பிறகு டிஜோவைப் பார்த்து, "ஏன் மாப்ள, கட்டப்பனைல கடைசியா ஒரு தடவ கண்ணாடி பாத்துக்கிறியா?" என்றார்.

"போட்டோ எடுத்து வச்சாச்சு மாமா" என்றான் அவன்.

வேன் கிளம்பியபோது அத்தை அந்தக் காவிச் சேலையில் இருந்தாள். ஜன்னல் வழியாக அப்பாவிடம் எந்த விறகு அடுப்பில் நின்று எரியும், எது சும்மா பொறி பறக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். வேன் வளைவு திரும்பும்வரை சொன்னாள்.

முதல் நாள் பூராவும் அவளுடைய போன்தான். கம்பத்திலிருந்து ஒரு போன். திண்டுக்கல்லில் சாப்பிட இறங்கியபோது ஒரு போன். "அண்ணே, சூடு எவ்வளவு இருக்கு? முள்ளப் பாத்துச் சொல்லுங்க, டப்பாவப் பாத்துச் சொல்லாதீங்க." திருச்சி தாண்டி ஒரு போன். அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்த்துச் சொன்னார். "பேசாம இந்தப் பொம்பளைய இங்கேயே உக்கார வச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். நடுவில் லைன் போனது. டப்பாவிலிருந்து கத்தல் வந்தது. அப்பா ஓடிப்போய் மேல் ஜன்னலைத் திறந்துவிட்டார், சூடு இறங்கியதும் கத்தல் நின்றது. அதை அவர் அத்தையிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு போன் வந்தது. அப்புறம் வரவில்லை.

மத்தியானம் ஆனது. காய் இறக்கும் நேரம் நெருங்கியது. அப்பா கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஒரே பச்சை. கையில் குலுக்கினால் கலகலவென்றது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. ஆனால் கேட்க ஆளில்லை.

"ஏன்டா லோகேஷு, அவ ஏன்டா போனே பண்ணல? கூட்டத்துல தொலஞ்சு கிலஞ்சு போயிட்டாளா?"

"நீங்களே அடிங்கப்பா."

"அவ கேக்கட்டும்னு பாத்தேன்."

அவர் போனை எடுக்கும்போதே டிஜோவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவனே எடுத்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு பளபளத்தது. காது இரண்டும் இவ்வளவு பெரிது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா சிரிக்கத் தொடங்கினார். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

அவன் தலைக்குப் பின்னால் பெரிய கொட்டகை ஒன்று தெரிந்தது. எங்கள் ஊர் ஆட்களின் பைகள் குவிந்து கிடந்தன. ஜனங்கள் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். அந்த நடமாட்டத்துக்கு நடுவில், பட்டப்பகல் வெளிச்சத்தில், தரையில் விரித்த பாயில் அத்தை மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை பாய்க்கு வெளியே மணலில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடியில் டிஜோ பேசி அனுப்பியிருந்தான். அப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டார். எனக்கும் கேட்டது. "மாமா, முடி எறக்கி முடிச்சதும் வந்து படுத்தாங்க. சூட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நான்தான் கேட்டேன், மாமாவுக்கு அடிக்கவான்னு. வேண்டாம்ல, அவரு பாத்துக்கிருவாருன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிட்டாங்க. எழுப்பவா?"

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் அந்தப் பிடிக் காய் இன்னும் இருந்தது. அப்படிப் பேசி அனுப்பத் தெரியாது அவருக்கு, போனை என்னிடம் நீட்டினார்.

"எழுப்ப வேண்டாம்னு சொல்லு" என்றார். "முழிச்சதும் கேட்டா சொல்லிக்கிறலாம்."

பிறகு காய் இறக்கச் சாக்கை விரித்தார்.